மரவள்ளிக்கிழங்கும் கணையமும்: எலிகள் சொன்ன சாட்சி

சயனைடு என்றதும் நமக்கு நினைவு வருவது சினிமா வில்லன்தான். கடித்தான், செத்தான், கதை முடிந்தது. ஆனால் கொல்லாத அளவில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடலுக்குள் போனால்? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கிழங்கின் மேல் நடந்த நீண்ட வழக்கே இருக்கிறது.

மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் உண்டு. கிழங்கு நசுங்கும்போது அது உடைந்து சயனைடு வெளிவரும். நம் உடலும் சும்மா இருப்பதில்லை. ரோடனீஸ் என்ற நொதி (1933ல் லாங் கண்டறிந்தது) சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, அவ்வளவு விஷமில்லாத தயோசயனேட்டாக மாற்றிவிடுகிறது. அந்தக் கந்தகம் வருவது புரதத்திலிருந்து. புரதமே இல்லாத ஏழைத் தட்டில் கந்தகத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் கேரளா வருகிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளியைப் பரப்பினார். பஞ்சத்துக்கு உதவிய கிழங்கு அது. பின்னாளில் அதே கேரளாவில் இளவயதினரின் கணையத்தில் கற்கள், கூடவே சர்க்கரை நோய் என்று நிறையப் பேரைப் பார்த்த டாக்டர் கீவர்கீஸ், 1979ல் மெக்மில்லனுடன் சேர்ந்து சயனைடைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். சயனைடு கொடுத்த எலிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியது உண்மை. ஆனால் அது தற்காலிகம்தான். எனக்கென்னவோ, அந்த ஒரு வார்த்தையைப் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

அடுத்து நாய்கள். நைஜீரியாவில் வளரும் நாய்களுக்கு மரவள்ளி உணவு கொடுத்துப் பார்த்த கமாலு, இதயத் தசையிலும் சிறுநீரகத்திலும் அட்ரினல் சுரப்பியிலும் மாற்றங்களைக் கண்டு 1993ல் எழுதினார். கிழங்குக்கு எதிரான சாட்சி வலுத்தது.

பிறகு நம்ம சென்னை! மாதங்கி, மோகன் முதலானோர் எலிகளுக்கு நீண்ட காலம் மரவள்ளியே கொடுத்துப் பார்த்தார்கள். 2000ல் வந்த முடிவு: சர்க்கரை நோயும் இல்லை, கணைய அழற்சியும் இல்லை. 2002 வாக்கில் இந்த நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதும் தெரியவந்தது. கிழங்கையே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருவது ஏன் என்ற பழைய சந்தேகத்துக்கும் இதில் பாதி பதில் இருந்தது.

அப்படியானால் சயனைடு நிரபராதியா? கணைய வழக்கில் ஏறக்குறைய ஆமாம். தைராய்டு வழக்கில் இல்லை. தயோசயனேட், தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். பிரேசிலில் ஆடுகளுக்குப் பல மாதம் சயனைடு கொடுத்த சோட்டோ-பிளாங்கோ குழு, தைராய்டிலும் நரம்பு மண்டலத்திலும் சேதத்தைப் பார்த்தது.

மனிதர்களிடம் இதன் மிகக் கொடுமையான முகம் தெரிந்தது மொசாம்பிக்கில், 1981ல். நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. மற்ற பயிரெல்லாம் கருகிவிட, கசப்பு மரவள்ளி மட்டும் மிஞ்சியது. வழக்கமாக நாள்கணக்கில் காயவைத்துச் சாப்பிடும் கிழங்கைப் பசி தாங்காமல் அவசரமாகச் சமைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், திடீரென இரு கால்களும் விறைத்துப் போயின. கோன்சோ என்ற இந்த நோயை 1938லேயே காங்கோவில் ட்ரோலி என்ற இத்தாலிய மருத்துவர் எழுதி வைத்திருந்தார். வந்த முடம் பிறகு மோசமாவதில்லை, முழுதாகக் குணமாவதும் இல்லை.