முதல் சொல்லும் முடிவுச் சொல்லும்: பிரிட்டன், ஜப்பான் அலுவல் கடிதங்கள்

பிரிட்டனின் அலுவல் கடிதத்தையும் ஜப்பானின் அலுவல் கடிதத்தையும் அருகருகே வைத்தால், ஒன்றைத் தலைகீழாகத் திருப்பியதே மற்றொன்று என்று முதலில் தோன்றும். பிரிட்டிஷ் உறையில் பெறுபவரின் பெயர் முதல் வரி, அஞ்சல் குறியீடு கடைசி வரி. ஜப்பானிய உறையில் குறியீடு முதலில், பிறகு மாகாணம், நகரம், பேட்டை, மனை எண், பெயர் கடைசியில். தாளிலும் இதே நிலைதான். பிரிட்டிஷ் கடிதத்தில் பெறுபவரின் பெயரும் முகவரியும் தலைப்பகுதியில் நிற்கின்றன. செங்குத்தாக எழுதும் ஜப்பானிய மரபிலோ, தேதியும் எழுதியவரின் பெயரும் வந்த பிறகே பெறுபவரின் பெயர் வருகிறது. வரிசையில் பிந்தினாலும் அது தாளின் மேற்பக்கம் நிற்கும். எழுதியவர் தம் பெயரைக் கீழே இறக்கி எழுதிக்கொள்வார்.

ஆயினும் அஞ்சல் பிரிக்கும் மேசைக்கு வந்ததும் இந்த எதிர்த்திசை மறைந்துவிடுகிறது. பிரிட்டிஷ் முகவரியைப் பிரிப்பவர் குறியீடு, ஊர், தெரு, வீடு எனக் கீழிருந்து மேலே படிக்கிறார். ஜப்பானியர் 1998-இல் நடைமுறைக்கு வந்த ஏழிலக்கக் குறியீட்டில் தொடங்கி மேலிருந்து கீழே படிக்கிறார். எழுதும் வரிசை இரண்டு; படிக்கும் வரிசை ஒன்று.

இதைவிட வியப்பான உறவு, விளிக்கும் முடிப்புக்கும் உள்ள பிணைப்பு. பிரிட்டனில் ‘டியர் சர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிக்க வேண்டும்; ‘டியர் மிஸ்டர் பிரவுன்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ஜப்பானில் ‘ஹைகெய்’ என்று தொடங்கியது ‘கெய்கு’ என்றே முடியும். ‘ஸென்ர்யாகு’ என்று தொடங்கியது ‘ஸோஸோ’ என்று முடியும். ஜோடி மாறினால் இரண்டு நாட்டிலும் பிழைதான். ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் மட்டும் வேறு. பிரிட்டிஷ்காரர் கேட்டுக்கொள்வது, பெறுபவரைப் பெயர் சொல்லி விளித்தோமா என்பதை. ஜப்பானியர் கேட்டுக்கொள்வது, உபசார வார்த்தைகளுக்கு இடம் கொடுத்தோமா என்பதை. ‘ஹைகெய்’க்குப் பின் பருவத்தைக் குறித்த ஓரிரு வரிகள் வருவது மரபு, ‘ஸென்ர்யாகு’ அவற்றை விட்டு நேரே விஷயத்துக்குப் போக அனுமதிக்கிறது.

மரியாதைச் சொற்களிலும் இரு மரபுகளும் ஒரே விதியை வந்தடைகின்றன: ஒருவருக்கு ஒன்றே. பிரிட்டனில் பெயருக்குப் பின் ‘எஸ்கொயர்’ இட்டால் முன்னால் ‘மிஸ்டர்’ கூடாது. ஜப்பானில் நிறுவனத்தின் பெயருக்குப் பின் ‘ஓன்ச்சூ’, ஆளின் பெயருக்குப் பின் ‘சாமா’. நிறுவனத்தில் உள்ள இன்னாருக்கு என்று எழுதும்போது ‘சாமா’ மட்டும் போதும். தலைவரைக் குறிக்கும் ‘ஷாச்சோ’ என்ற பதவிப் பெயரே மரியாதையைச் சுமப்பதால், அதன்மேல் ‘சாமா’ சேர்ப்பது மிகை என்பார்கள்.

தன்னைத் தாழ்த்துவதில் ஜப்பான் ஒரு படி கூடுதலாக இறங்குகிறது. பதில் அஞ்சலட்டையை இணைத்து அனுப்புபவர், அதில் தம் பெயருக்குப் பின் மரியாதையற்ற ‘யுகி’ என்றே அச்சிடுவார். பதில் எழுதுபவர் அந்த எழுத்தின்மேல் இரு கோடிட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ‘சாமா’ என்று எழுதி அனுப்புவார். அவர் தாழ்த்திக்கொள்கிறார், இவர் உயர்த்திவிடுகிறார். பிரிட்டனில் இந்தப் பணிவை ஒரு காலத்தில் கையொப்பத்துக்கு மேலுள்ள வரி சுமந்தது; எழுதுபவர் தம்மைக் ‘கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்று சொல்லிக்கொண்டார். நம் விடுப்பு விண்ணப்பத்தின் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ அந்த வழியில் வந்ததே.

ஆனால் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட அந்த ‘ஒன்றே’ விதியைத் தமிழ் ஏற்கவில்லை. ‘உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ என்று பதவிக்கு முன்னும் பின்னும் மரியாதை வைக்கிறோம். அதில் எவருக்கும் மிகை தெரிவதில்லை. மரியாதைச் சொல் எத்தனை என்பதற்குப் பொதுவிதி கிடையாது. தொடங்கிய தொனியிலேயே முடிப்பதும், பெறுபவரைத் தமக்கு மேலே வைப்பதும்தான் இந்த ஒப்பீட்டில் அசையாமல் நிற்கின்றன. உறைமேல் பெயர் எழுதும் எவரும் முதலில் சரிபார்க்க வேண்டியவை இவ்விரண்டுமே.