சுண்ணாம்பு டப்பா

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கும் நாய்க்குச் செய்யும் அறுவை சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கால்நடை மருத்துவராக இருந்த நாட்களில், ஒரு திங்கட்கிழமை காலையில் அது எனக்கு நன்றாக உறைத்தது. அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

வெள்ளையடித்த சுவர் நாளடைவில் இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. மயக்க மருந்து இயந்திரத்தின் டப்பாவில் இருக்கும் 'சோடா லைம்' குருணை செய்வதும் இதே வேலைதான். பெரும்பகுதி சுண்ணாம்பு, சிறிது காஸ்டிக் சோடா, 100-க்கு ஏறக்குறைய 15 பங்கு ஈரம். மயங்கிக் கிடக்கும் பிராணி விடும் மூச்சு இதற்குள் புகுந்து வரும். கரியமில வாயு குருணையில் தங்கிவிடும். மிச்சமுள்ள ஆக்சிஜனும் மயக்க மருந்தும் பிராணிக்கே திரும்பும். விலை உயர்ந்த மருந்து வீணாவதில்லை. மூச்சுக் காற்றின் சூடும் ஈரமும் காக்கப்படும்.

இந்த யோசனை பழையது. லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1850 வாக்கிலேயே விட்ட மூச்சைக் காரக் கரைசலால் சுத்தம் செய்து மறுபடி சுவாசித்துப் பார்த்தார். பிறகு நெடுநாள் அது பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. 1915-ல் அமெரிக்காவில் டென்னிஸ் ஜாக்சன் என்ற மருந்தியல் அறிஞர் நாய்களை வைத்து இந்த முறையைச் செய்து காட்டினார். மனித மருத்துவர்கள் அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளுக்காகச் சோடா லைம் குருணையைச் செம்மைப்படுத்தினார்கள். 1924-ல் ரால்ஃப் வாட்டர்ஸ் அந்தக் குருணையை ஒரு டப்பாவில் அடைத்து நோயாளியின் முகத்தருகே பொருத்தும் முறையை எழுதினார். 1930-ல் பிரையன் ஸ்வோர்டு, மூச்சு ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் திரும்பும் வட்ட அமைப்பைக் கொண்டுவந்தார். எங்கள் அறுவை அறையில் இருந்ததும் அதே அமைப்புதான். நாயில் பழகிய வித்தை மனிதனிடம் போய், நாய்க்கே திரும்பி வந்தது.

இனி அந்தத் திங்கட்கிழமை. கருப்பையில் சீழ் பிடித்த ஒரு பெண் நாய். சோடா லைம் தீர்ந்தால் அதில் கலந்துள்ள சாயம் வெள்ளையிலிருந்து ஊதாவாக மாறும் என்று படித்திருந்தேன். காலையில் எட்டிப் பார்த்தேன், வெள்ளை. திருப்தியோடு கத்தியைக் கையில் எடுத்தேன்.

கால் மணி நேரத்தில் நாய் வேகமாக மூச்சு வாங்கியது. ஈறு செங்கல் நிறமாகச் சிவந்தது. மயக்கம் போதவில்லை என்று நினைத்து மருந்தைக் கூட்டப் போனேன். வயதில் மூத்த எங்கள் உதவியாளர் டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டர், சூடே இல்லையே!" என்றார். குனிந்து பார்த்தால் ஊதா. கரியமில வாயுவைப் பிடிக்கும்போது குருணை சூடாக வேண்டும். சூடு இல்லை என்றால் வேலை நடக்கவில்லை. வால்வைத் திறந்துவிட்டு ஆக்சிஜனை அதிகமாகப் பாய்ச்சினோம். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு நிதானத்துக்கு வந்தது. நாய் பிழைத்தது. என் உள்ளங்கை வியர்வை அடங்கத்தான் வெகுநேரம் ஆனது.

நடந்தது இதுதான். தீர்ந்துபோன குருணை இரண்டு நாள் சும்மா இருந்தால் மறுபடி வெள்ளையாகிவிடும். அது வலு திரும்பியதன் அடையாளம் அல்ல, வெறும் நிறம். வேலை கொடுத்தவுடன் மீண்டும் ஊதாவாகும். சனிக்கிழமை மாலை ஊதாவாக இருந்ததை யாரும் மாற்றவில்லை, தப்பு என்னுடையதுதான். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. சில தயாரிப்புகளில் புதிய குருணை இளஞ்சிவப்பு, தீர்ந்ததுதான் வெள்ளை!

அன்றிலிருந்து டப்பா மேல் பிளாஸ்திரி ஒட்டி, நிரப்பிய தேதியையும் ஓடிய மணிக்கணக்கையும் எழுதினோம். நிறம் மாறினால் அன்றைக்கே கொட்டிவிடுவோம். வேலை முடிந்ததும் ஆக்சிஜனை மூட மறக்கக் கூடாது என்பதையும் கடைப்பிடித்தோம். அது ஓடிக்கொண்டே இருந்தால் குருணை காய்ந்துவிடும். காய்ந்த குருணையில் சில மயக்க மருந்துகள் பட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும் என்பது 1990-களில் தெரியவந்தது.

அன்று மாலை உதவியாளருக்கு நன்றி சொன்னேன். அவர் மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே, "சுண்ணாம்பு வெள்ளையா இருந்தா போதுமா டாக்டர்? காரம் இருக்கான்னு பார்க்க வேண்டாமா?" என்றார். கல்லூரியில் படித்த பாடத்தை அன்றுதான் புரிந்துகொண்டேன்.