பத்து நாள் ஈகையும் ஆண்டு முழுக் கல்வியும்

யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதத்தின் முதல் நாளான ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு தொடங்கி, பத்தாம் நாளான யோம் கிப்பூர் என்னும் பாவப்பரிகார நோன்பு வரையிலான காலம், கடந்த ஆண்டின் செயல்களை எடைபோட்டு மனந்திரும்புவதற்கென ஒதுக்கப்பட்டதாகும். இந்நாட்களில் செதாக்கா எனப்படும் கடமையான ஈகையை மிகுதியாகச் செய்வது இஸ்ரவேலர் அனைவரின் வழக்கம் என்று 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடெஸ் தம் சட்டத்தொகுப்பில் பதிந்துள்ளார். கல்விக்கான நன்கொடை வேண்டுகோள்கள் இப்பருவத்தில் எழுவது இயல்பே; ஆனால் பண்டிகைக்கால நெகிழ்ச்சி ஒன்றைக்கொண்டே பள்ளியை நடத்திவிடலாம் என்று அம்மரபின் சட்டநூல்கள் கருதவில்லை.

தந்தையுள்ள பிள்ளை கற்க, தந்தையற்ற பிள்ளை கல்லாமற்போன நிலையை மாற்றத் தலைமைக் குரு யோசுவா பென் கம்லா ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார் எனப் பாபிலோனியத் தல்மூத் என்னும் யூதச் சட்டநூல் கூறுகிறது. 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 பேரானால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர், 50 பேரானால் இரண்டு ஆசிரியர்கள் என்று அந்நூல் வகுக்கும் கணக்கில் கொடையாளரின் மனநிலைக்கு இடமே இல்லை. 1432இல் ஸ்பெயினின் வயடோலிட் நகரில் கூடிய காஸ்டிலிய யூதச் சமூகங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, இறைச்சி, திராட்சை மது, திருமணம், விருத்தசேதனம் ஆகியவற்றின்மீது கல்வி வரி விதித்ததோடு, 15 குடும்பங்கள் வாழும் ஊர் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரை வைத்தாக வேண்டும் என்றும் விதித்தன.

அப்படியானால் நோன்பின் பங்கு யாது? யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் பணத்தைத் தொடுவதும் எழுதுவதும் விலக்கப்பட்டவை ஆதலால், தொழுகைக்கூடங்கள் பலவற்றில் ஓரங்களில் தொகைகள் அச்சிட்ட அட்டைகள் முன்கூட்டியே வழங்கப்படுகின்றன. கொடையாளர் தாம் தரவிருக்கும் தொகைக்குரிய ஓரத்தை மடித்துவிட்டால் போதும். பொருத்தனைகளை நீக்கும் கோல் நித்ரே ஓதப்படும் அதே மாலையில் புதிய வாக்குறுதி பெறப்படுவது முரணாகத் தோன்றலாம். எனினும், பிறருக்குப் பட்ட கடனை அந்த ஓதல் தீர்ப்பதில்லை. ஏழைகள் கண்ணெதிரே இருப்பதால் ஈகைக்கு அளித்த வாக்கை உடனே நிறைவேற்ற வேண்டும் என்பதும் தல்மூதின் தீர்ப்பே. ஆகவே நெகிழ்ச்சியைக் கடனாக மாற்றித் தருவதே நோன்பின் உண்மையான பயன் எனலாம்.

மைமோனிடெஸ் வகுத்த எட்டு ஈகைப் படிகளுள் உச்சப்படியைக் கல்விக்கொடைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அவர் அங்கே குறிப்பிடுவன கொடை, கடன், தொழிற்கூட்டு, வேலை ஆகியவையே. கல்வியை அதில் சேர்ப்பது பிற்கால விரிவு, தவறான விரிவு அன்று. அதைவிட நேரடியான சான்று 16ஆம் நூற்றாண்டில் ஜோசப் கரோ இயற்றிய ஷுல்கான் அரூக் என்னும் சட்டத்தொகுப்பில் உள்ளது: தொழுகைக்கூடத்திற்குத் தருவதைவிட இளைஞர் தோரா என்னும் மறைநூலைக் கற்பதற்கோ ஏழை நோயாளிகளுக்கோ தருவது மேல் என்னும் கருத்தை அது பதிவு செய்கிறது. பெயர் பொறித்த கட்டடங்களை விரும்பும் கொடையாளர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர். ஆசிரியர் ஊதியம் மாதந்தோறும் தேவைப்படுவது. எனவே நோன்புக்காலத்தில் ஒருமுறைத் தொகையைக் காட்டிலும் பல்லாண்டு ஒப்புதலைக் கேட்பதே இம்மரபுக்கு ஏற்புடையது.