இரு பூட்டுக் கதவு: இலண்டனில் வீடு தேடிய வரலாறு

இலண்டன் மாநகரில் வீடு வாங்க எண்ணும் நம்மவர் முதலில் மனத்துள் ஒரு படத்தை விரித்துக்கொள்வர். கோயில் எங்கே, தமிழ்க் கடை எங்கே, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை எங்கே, வேலைக்குப் போகும் புகையிரதம் எது? ஈஸ்ற் ஹாமும் ரூட்டிங்கும் வெம்பிளியும் ஹரோவும் குறொய்டனும் அவ்வாறுதான் நமது ஊர்களாயின. நம் மொழி பேசுவோர் வாழும் தெருவில் கதவைப் பூட்டிவிட்டு அச்சமின்றி உறங்கலாம் என்பது அந்தத் தெரிவின் அடியில் இருந்த கணக்கு. ஆனால் நம் பிள்ளைகளுள் சிலருக்கு இக்கணக்குப் பொருந்துவதில்லை. ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும், நம் மொழி பேசும் அயலாரே அச்சத்தின் காரணமாகி விடுகின்றனர். அவர்கள் வேறொரு படத்தையும் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடுகின்றனர். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம் இம்மாநகரில் மிகச் சிறியது.

இவர்களைக் குறிக்க நம் பத்திரிகைகள் நெடுங்காலம் வழங்கிய சொற்களில் ஏளனம் கலந்திருந்தது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டையடுத்து, மதிப்புடன் வழங்கத்தக்க சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு என்னும் சொல்லையே இங்கும் ஆள்கிறேன். சற்று நீளமான சொல்தான். ஆயினும் எவரையும் இழிவுபடுத்தாதது.

இலண்டனில் வீட்டுக் கதவு நிறத்துக்காக மூடப்பட்ட கதையை நம்மில் மூத்தோர் அறிவர். 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்திறங்கிய கரிபியன் மக்களும், அவர்களைத் தொடர்ந்து வந்த இந்தியரும் பாகிஸ்தானியரும், வாடகை அறை தேடிச் சென்ற தெருக்களில் ‘நிறத்தவர் வேண்டா’ என்ற அட்டைகளை யன்னல்களில் கண்டனர். அதைச் சட்டம் தடுக்கவில்லை. நொட்டிங் ஹில் பகுதியில் பீற்றர் ரக்மன் என்ற வீட்டுச் சொந்தக்காரர், வேறெங்கும் இடம் கிடையாதவர்களைப் பாழ்வீடுகளில் நெருக்கி அடைத்துப் பெரும் வாடகை பெற்றார். அவரது பெயரே பின்னர் ஆங்கிலத்தில் கொடுமையான வீட்டுச் சொந்தக்காரருக்குப் பொதுப்பெயராயிற்று. 1958ஆம் ஆண்டுக் கோடை முடிவில் அங்கே கலவரம் மூண்டது. மறு ஆண்டு மே மாதத்தில் கெல்சோ கொக்ரேன் என்ற அன்ரிகுவா நாட்டுத் தச்சுத் தொழிலாளி அதே பகுதியில் வெள்ளை இளைஞரால் குத்திக் கொல்லப்பட்டார்.

வங்கிகளும் வீட்டுக்கடன் சங்கங்களும் கைவிரித்தபோது கரிபியன் மக்கள் ‘பாட்னர்’ என்னும் முறையால் வீடு வாங்கினர். பத்துப் பன்னிரண்டு பேர் வாரந்தோறும் ஒரே தொகையைப் போடுவர்; முறைப்படி ஒவ்வொருவராக முழுத் தொகையையும் எடுப்பர். நம் பெண்கள் பிடிக்கும் சீட்டுத்தான் அது, பெயர்தான் வேறு. ஈஸ்ற் ஹாமில் சீட்டுக் காசை முற்பணமாகக் கட்டி வீடு வாங்கிய குடும்பங்கள், தமக்கு முப்பது ஆண்டுகள் முன்னரே பிரிக்ஸ்ரனில் கறுப்பினத் தாய்மார் அவ்வழியில் நடந்திருந்ததை அறிந்திருக்க நியாயமில்லை.

1965ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டம் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுத்ததே தவிர, வீட்டு விற்பனையையும் வேலைவாய்ப்பையும் அதன் கை எட்டவில்லை. 1967இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஒரே தகுதியுடைய மூவர், ஓர் ஆங்கிலேயர், ஓர் ஹங்கேரியர், ஒரு மேற்கிந்தியத் தீவினர், ஒரே அறையைத் தனித்தனியே கேட்டுப் பார்த்தனர். அயல்நாட்டவர் என்பது காரணமானால் ஹங்கேரியரும் அதேயளவு மறுக்கப்பட்டிருக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் பெரும்பாலும் மேற்கிந்தியரே. அவ்வாய்வின் வலுவோடுதான் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுத்துறைக்குள் நுழைந்தது. இனொக் பவல் அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் திகதி பேர்மிங்ஹாமில் ஆற்றிய பேர்பெற்ற உரை இந்தச் சட்டமூலத்துக்கு எதிராகவே ஆற்றப்பட்டது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். அறை வாடகைக்கு விட மறுத்த வயோதிப வெள்ளை மாது ஒருவரின் கதை அவ்வுரையின் நடுவே இடம்பெற்றது. நாட்டின் பெரும் அரசியல் பூசல் ஒன்று ஒரு வீட்டின் வாசற்படியில் நின்றே நடந்தது.

இனி மற்றப் பூட்டுக்கு வருவோம். ஆண்களுக்கிடையிலான உறவை முழுமையாகக் குற்றமாக்கியிருந்த இங்கிலாந்துச் சட்டம் 1967இல் தளர்ந்தது. எனினும் இருவரும் 21 வயது நிரம்பியவராயிருக்க வேண்டும், ‘தனிமையில்’ இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். மூன்றாம் ஆள் ஒருவர் உடனிருந்தாலே தனிமை கெட்டது எனச் சட்டம் கருதியது. பூட்டிய அறை ஒன்று சொந்தமாக உள்ளவனுக்கே அச்சட்டம் பயன்பட்டது என்பதை எவரும் அப்போது வெளிப்படக் கூறவில்லை. ஓர் அறையில் நால்வராகப் படுத்துறங்கிய அகதிக்கு அந்தச் சுதந்திரம் எவ்வாறு கிட்டும்? நம் நாட்டிலோ, பிரித்தானியரே 1883இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் அவர்கள் கப்பலேறிய பின்னும் நிலைத்தன. 1995இல் அவற்றைத் திருத்தியபோது பெண்களையும் உட்படுத்தினார்களே ஒழியத் தளர்த்தவில்லை.

இவ்விரு வரலாறுகளும் ஒரே தெருவில் சந்தித்த இடம் பிரிக்ஸ்ரனில் உள்ள றெயில்ரன் வீதி. 1974இல் அவ்வீதியின் 78ஆம் இலக்கத்தில், கைவிடப்பட்ட கடையொன்றில், தென் இலண்டன் தன்பாலீர்ப்பாளர் சமூக நிலையம் தொடங்கப்பட்டது. இரண்டாண்டுகளே அது நீடித்தது. ஆனால் அதைச் சுற்றி, மாநகரசபை இடிப்பதற்கென வெறுமையாக விட்டிருந்த வீடுகளில் பலர் அனுமதியின்றிக் குடியேறினர். பின்வளவு வேலிகளைப் பிடுங்கிவிட்டு நந்தவனத்தைப் பொதுவாக்கினர். அதே வீதி கரிபியன் இளைஞருக்கும் பொலிசாருக்கும் இடையிலான எல்லைக்கோடாகவும் விளங்கியது. 1981 ஏப்ரல் கலவரம் அங்கேதான் பற்றியது. இரு சாராரும் உடன்பிறந்தாராகக் கூடி வாழ்ந்தனர் என்று கதை சொல்ல நான் விரும்பவில்லை. முரண்பாடுகள் இருந்தன. ஒருவர் வீட்டுக் கல்லெறிக்கு மற்றவர் ஓடிவராத நாட்களும் உண்டு. ஆனால் அங்கு குடியேறியோர் பின்னர் கூட்டுறவு வீட்டுச் சங்கமாகச் சட்டபூர்வ உரிமை பெற்றனர். பணத்தால் வாங்க இயலாதோர் இருப்பால் வாங்கிய வீடுகள் அவை.

நாம் வந்தது இதற்குப் பின்னர்தான். 1983 ஆடிக் கலவரத்தைத் தொடர்ந்து ஈழத்தமிழர் தஞ்சம் கோரி வரத் தொடங்கியதும், 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு விசா நடைமுறையைக் கொண்டுவந்தது. பொதுநலவாய நாடொன்றின் குடிகளுக்கு அவ்வாறு விதிக்கப்பட்டது அதுவே முதற்தடவை. வந்தவர்கள் மலிவான அறை தேடி நியூஹாம் பகுதிக்குச் சென்றனர். அங்கே பஞ்சாட்சரம் சகிதரன் என்ற தமிழ் அகதி இனவெறிக் கும்பலொன்றால் தாக்கப்பட்டு 1992இன் தொடக்கத்தில் உயிரிழந்தார். அம்மரணத்தின் பின் நம்மவர் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வீடு எடுத்தனர். இதைக் கூட்டமாய் ஒதுங்கும் குணம் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் பழித்தன. அது குணமன்று, காவல். பக்கத்து வீட்டில் மாமா இருந்தால் கல்லெறிய வருபவன் யோசிப்பான். ஆனால் அதே மாமா, மருமகன் யாருடன் வீடு வருகிறான் என்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

வட இலண்டனில் ஹரிங்கே மாநகரசபை, கயானாவில் பிறந்த பேர்ணி கிரான்ற் தலைவராயிருந்தபோது, தன்பாலீர்ப்பாளர் நலனுக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது. அதற்கெதிராக எழுந்த கூச்சல் 1988ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவாக முடிந்தது. தன்பாலீர்ப்பாளரின் இல்லறத்தைப் ‘பாசாங்குக் குடும்பம்’ எனச் சட்டப்புத்தகத்திலேயே அது எழுதியது. 2003இல்தான் இங்கிலாந்தில் நீக்கப்பட்டது. அப்பிரிவு நிறைவேறிய அதே 1988இல் தெற்காசியத் தன்பாலீர்ப்பாளருக்கென ‘சக்தி’ என்ற அமைப்பு இலண்டனில் உருவாயிற்று. 1991இல் எயிட்ஸ் நோய் தொடர்பாக இம்மக்களிடையே பணிபுரிய ‘நாஸ்’ நிறுவனம் வந்தது.

எயிட்ஸ், வீடு வாங்கும் கடனுக்கும் வேலி போட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பரவலாக இருந்த எண்டோமென்ற் மோட்கேஜில் மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்டுவர். முதலைத் தீர்ப்பது உடன் எடுக்கும் ஆயுட் காப்புறுதி. காப்புறுதி இல்லையேல் கடன் இல்லை. காப்புறுதிப் படிவமோ, மணமாகாத ஆண் இன்னோர் ஆணுடன் சேர்ந்து வீடு வாங்க வந்தால், அவன் வாழ்க்கைமுறை குறித்து வினவியது. எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னது. கட்டணத்தை உயர்த்தியது, அல்லது மறுத்தது. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில்தான் காப்புறுதித் துறை அக்கேள்வியைக் கைவிட்டது. உண்மை சொன்னால் வீடு இல்லை, பொய் சொன்னால் காப்புறுதி செல்லாது. தஞ்சக் கோரிக்கைப் படிவம் நிரப்பிய நமக்கு இந்த இக்கட்டு அந்நியமானதன்று.

1999 ஏப்ரல் மாதம் டேவிட் கோப்லண்ட் என்ற நாஜி இளைஞன் இரு வாரங்களுக்குள் மூன்று ஆணிக்குண்டுகளை வைத்தான். 17ஆம் திகதி பிரிக்ஸ்ரனில் கறுப்பர் மீது. 24ஆம் திகதி பிரிக் லேனில் வங்காளிகள் மீது. 30ஆம் திகதி சோகோவின் அட்மிரல் டங்கன் மதுச்சாலையில் தன்பாலீர்ப்பாளர் மீது. மூன்றாவதில் மூவர் மாண்டனர். இம்மூவகையினரையும் ஒன்றாகவே எண்ணியவன் அவன்தான்.

அவ்வாண்டு ஒக்ரோபரில் பிரபுக்கள் சபை ஒரு வீட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. ஜோன் தொம்சன் என்பவரின் வாடகை வீட்டில் மார்ட்டின் பிற்ஸ்பற்றிக் 1976 முதல் துணைவராக வாழ்ந்தார். 1986இல் தொம்சன் விழுந்து கைகால் செயலிழந்தார். 1994இல் இறக்கும்வரை அவரைப் பராமரித்தவர் பிற்ஸ்பற்றிக். வீட்டுரிமையாளரான சங்கம், நீர் குடும்பத்தவர் அல்லர், வாடகையுரிமை உமக்கு வராது என்றது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் குடும்பத்தவரே என்றனர். வாழ்க்கைத்துணை என்று சொல்ல மட்டும் தயங்கினர். அத்தயக்கம் 2004 ஜூனில் கொடின்-மென்டோசா வழக்கில் நீங்கியது. 1983 முதல் இருவர் ஒன்றாக வாழ்ந்த வீட்டில் எஞ்சியவருக்கு, கணவன் மனைவிக்குரிய அதே உரிமை உண்டெனத் தீர்ப்பாயிற்று. நீதிபதி ஹேல் அம்மையார் தமது தீர்ப்பில், பொது மதுச்சாலைகள் தோல்நிறம் பார்த்து மக்களைத் திருப்பியனுப்பிய காலம் அத்தனை தொலைவில் இல்லை என்பதை நினைவூட்டினார். இரு பூட்டுகளும் ஒரே கொல்லன் செய்தவை என்பது சட்டமொழியில் பதிவானது அப்போதுதான்.

அதன்பின் கதவுகள் விரைவாகத் திறந்தன. 2005 டிசம்பரில் குடிமைத் துணைமைப் பதிவு, 2007இல் வீடு விற்போரும் வாடகைக்கு விடுவோரும் பாலீர்ப்பைக் காரணங்காட்டி மறுப்பதற்குத் தடை, 2010இல் சமத்துவச் சட்டம், 2014இல் திருமணம். 2010 ஜூலையில் ஈரானியர் ஒருவரும் கமரூனியர் ஒருவரும் தொடுத்த வழக்கில், நாட்டுக்குத் திரும்பி மறைந்து வாழலாம் என்று தன்பாலீர்ப்பு அகதியிடம் சொல்லக்கூடாதென உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

சட்டம் திறந்த கதவு வேறு, தெரு திறக்கும் கதவு வேறு. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு பாலீர்ப்பை முதன்முறையாகக் கேட்டது. இங்கிலாந்து வேல்ஸ் முழுவதிலும் நூற்றுக்கு 3.2 பேர் தம்மைத் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் முதலிய வகையினராகக் குறித்தனர். லாம்பெத்திலும் சதர்க்கிலும் ஏறத்தாழ எட்டுப் பேர். நம்மவர் செறிந்து வாழும் புறநகர்களில் இவ்வெண் மிகக் குறைவு. இதைக் கொண்டு அங்கே அத்தகையோர் இல்லை என முடிவுகட்டுவோர், அப்படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் தகப்பனார் நிரப்பினார் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். மறுபுறம், தன்பாலீர்ப்பாளர் மிகுந்த பகுதிகளில் நம் பிள்ளைகளை நிறத்துக்காக ஒதுக்கும் விடுதிகளும் இருந்தன. 1995இல் ரஃப்னல் பார்க்கில் ‘கிளப் காளி’ தொடங்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். சேலையோ சுரிதாரோ அணிந்து அங்கு ஆடச் சென்றோர், நோர்தேர்ன் பாதையில் இன்னும் இரண்டு தரிப்பிடங்கள் போயிருந்தால் 1986இல் திறக்கப்பட்ட ஹைகேற் முருகன் கோயிலை அடைந்திருப்பர். இரண்டு தரிப்பிட இடைவெளியில் இரண்டு உலகங்கள். இரண்டிற்கும் ஒரே சீசன் ரிக்கற்றில் போய்வந்தவர்களும் இருந்திருப்பர்.

வீட்டை வாங்கியோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இருவர் கூட்டுரிமையாக வாங்கினால் ஒருவர் இறந்ததும் வீடு முழுவதும் மற்றவரைச் சேரும். பங்குரிமையாகவோ ஒருவர் பெயரில் மட்டுமோ வாங்கி, மணமோ துணைமைப் பதிவோ செய்யாமல், மரணசாசனமும் எழுதாமல், பிள்ளையுமின்றி ஒருவர் இறந்தால், இங்கிலாந்துச் சட்டப்படி அவரது உரிமை பெற்றோருக்கே போகும். இருபது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து கடன் கட்டிய துணைவர், தம் பங்கை நிறுவ நீதிமன்றம் ஏற வேண்டும். சொலிசிற்றரின் கடிதம் வருவது ஈஸ்ற் ஹாமிலோ ஹரோவிலோ உள்ள தாய் தகப்பனின் முகவரிக்கு. அந்த வீட்டில் யார் தொடர்ந்து இருக்கலாம் என்பதற்கு அன்று கையொப்பமிட வேண்டியவர்கள் அவர்கள்தாம்.