ஆளுருவம் நீங்கிய இலக்கு

சென்ற ஞாயிறு தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருவதற்காகக் காத்திருந்தபோது, துக்ளகாபாத் சுடுதளத்தில் பயிற்சி பெறும் தோழி ஒருவர் தம் பையிலிருந்து பழைய இலக்கு அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். போர்ப்படை ஒன்றின் பெயரைத் தாங்கிய சந்தையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தது தற்செயல்தான். ஆயினும் சுடுதல் இலக்குகளின் வரலாற்றிலும் போரின் சாயல் உண்டு.

அது பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கான அட்டை. பக்கத்துக்கு 17 செ.மீ. உள்ள சதுரம், அதில் பத்து வளையங்கள். நடுவில் உள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஏழு முதல் பத்து வரையிலான வளையங்கள் கறுப்பு. அக்கறுப்பின் விட்டம் 59.5 மி.மீ. குண்டின் விட்டமோ 4.5 மி.மீ. துளையின் விளிம்பு உயர்மதிப்பு வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அம்மதிப்பு கிடைத்துவிடும். ஐயம் எழுந்தால் நடுவர் துளைக்குள் அளவுமானியைச் செருகிப் பார்ப்பார்.

இவ்வளவு பெரிய கறுப்பு எதற்கு என்று கேட்டேன். கண் ஒரே நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகக் காணும். துப்பாக்கி முனையிலுள்ள குறிகாட்டியைக் கூர்ந்து நோக்குவதே பயிற்சியின் முதற்பாடம். எனவே இலக்கு மங்கலாகவே தெரியும். மங்கினாலும் வடிவு குலையாதது கருவட்டம். பலர் வட்டத்தின் நடுவைக்கூடக் குறிவைப்பதில்லை. அதற்குக் கீழே சிறிது வெண்மை தெரியும்படி நிறுத்திச் சுடுகிறார்கள். இலக்கை உற்றுப் பார்க்காதவரே இலக்கை எய்துகிறார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் கைத்துப்பாக்கியின் இலக்கு எல்லாப் போட்டிகளிலும் தொடக்கம் முதலே வட்டமாக இருந்ததில்லை. 1906இல் ஏதென்ஸில் நடந்த போட்டிகளில் இருவர் எதிரெதிர் நின்று சுடும் துவந்தப் போரைப் பாவித்து, நீண்ட மேலங்கி அணிவித்த ஆளுருவப் பொம்மைகளை நிறுத்தினர். 1912இல் ஸ்டாக்ஹோமில் முப்பது மீட்டர் தொலைவில் நின்றதும் ஆளுருவமே. பின்னர் நிலைபெற்ற 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் ஐந்து ஆளுருவங்கள் அருகருகே நிற்கும். சில நொடிகள் முகம் காட்டித் திரும்பிக்கொள்ளும். எட்டு, ஆறு, நான்கு நொடி எனச் சுருங்கும் அந்த அவகாசத்தில் ஐந்தையும் சுட வேண்டும். ஹங்கேரிப் படைவீரர் காரொய் தகாச் 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின், இடக்கையால் பழகி 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றது இப்போட்டியில்தான். போர்ப்பயிற்சி சிதைத்த கைக்கு ஈடாக மறுகை சுட்டதும் மனித உருவத்தையே.

1988 சியோல் ஒலிம்பிக்கிற்குப் பின் அவ்வுருவம் கைவிடப்பட்டது. விரைவுச் சுடுதலுக்கும் வளைய இலக்கு வந்தது. போர்ச்சாயலைக் களையும் விருப்பம் இதில் இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விளக்கம். அது மட்டுமே காரணம் என்று கொள்ள எனக்கு மனமில்லை. எண்களும் ஒன்று சொல்கின்றன. தகாச் 1948இல் பெற்றது 600க்கு 580. 1976இல் நோர்பெர்ட் க்ளார் பெற்றது 597. ஆளுருவம் வீரர்களைத் தரம்பிரிக்கும் ஆற்றலை இழந்துகொண்டிருந்தது. 2012இல் விஜய்குமார் இலண்டனில் வெள்ளி வென்றபோது அவர் எதிரே இருந்தவை வெறும் வட்டங்கள். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் பத்து மீட்டர் போட்டியில் வெண்கலம் வென்ற புள்ளி 221.7, தசமப்புள்ளி வரை கணக்கிடுவது மின்னணு இலக்கு. பெரிய போட்டிகளில் இன்று அட்டையே இல்லை. காவல்துறை, இராணுவப் பயிற்சித் தளங்களில் ஆளுருவம் நீடிக்கிறது.

உடல் எண்ணாக மாறிய இவ்வரலாற்றை நம் சொற்களோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வடமொழியில் லக்ஷ என்பது குறியையும் உணர்த்தும், நூறாயிரத்தையும் உணர்த்தும். தமிழில் அவ்வழி வந்தவை இலக்கு ஒருபுறம், இலக்கம் மறுபுறம். ஈழத்தமிழில் தொலைபேசி எண் இன்றும் தொலைபேசி இலக்கம்தான். சொற்பிறப்பு விளையாட்டு வரலாற்றுக்குச் சான்றாகாது என்று மொழியியல் மாணவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எனினும் குறியும் எண்ணும் ஒரே வேரில் கிளைத்திருப்பதைக் குறித்துவைக்கிறேன்.

மார்க்கெட்டின் பெயர் இந்திய தேசிய இராணுவத்தின் ஆங்கிலச் சுருக்கம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் சேர்ந்த படை அது. 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி. கறிவேப்பிலை விற்றவரிடம் அம்மூன்றெழுத்துக்கு என்ன பொருள் என்று கேட்டோம். மெட்ரோ ஸ்டேஷனின் பெயர் என்றார். அட்டையைத் தோழி பைக்குள் வைத்துக்கொண்டார். மீன் இன்னும் வெட்டி முடிந்திருக்கவில்லை.