வெள்ளைப்போளமும் அதன் தைலமும்

வெள்ளைப்போளம் என்பது சோமாலியா, எத்தியோப்பியா, தென் அரேபியா ஆகிய நிலப்பகுதிகளில் வளரும் சிறு முள்மரத்தின் பட்டையினின்று கசிந்து இறுகும் பிசினாகும். அதன் தைலத்தை இன்று புகழ்வோர், பண்டையோர் கண்ட பயன்கள் அனைத்தையும் அத்தைலத்திற்கே உரியனவாக்குவர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

விவிலியத்தின் யாத்திராகமம் (30ஆம் அதிகாரம்) கூறும் அபிஷேகத் தைலம், 500 சேக்கல் எடையுள்ள வெள்ளைப்போளத்தை இலவங்கம் முதலியவற்றோடு ஒலிவ எண்ணெயிற் கூட்டி ஆக்கியது. எகிப்தியர், இறந்தோர் உடலினுள் அரைத்த போளத்தை நிரப்பித் தைத்தனர் என்பர் எரோதோத்தசு. கி.பி. முதல் நூற்றாண்டினரான டயாஸ்கொரிடீசு, பல்லும் ஈறும் உறுதிபெற அதனை மதுவோடும் எண்ணெயோடும் சேர்த்து வாய் கொப்பளிக்குமாறு கூறுவர். இவர்கள் கையாண்டது பிசினையே. நீராவியால் வடித்த தைலத்தை அன்று.

வடிக்குங்கால் ஆவியாகும் பகுதி மட்டுமே வெளிப்படும். நீரிற் கரையும் கோந்தும் கனத்த பிசினும் கலத்திலேயே தங்கிவிடும். ஆதலின் முழுப்பிசினைப் பற்றிய பழஞ்சான்று, அதன் ஒரு கூறாகிய தைலத்திற்குத் தானே சான்றாகிவிடாது. 1996இல் இத்தாலிய அறிஞர் வெளியிட்ட ஆய்வு, போளத்தின் மணக்கூறுகள் சில நோவைத் தணித்தலைக் காட்டிற்று. எனினும் அஃது எலிகளிடத்துக் கண்ட முடிபே.

கருவுற்றோர் போளத்தைத் தவிர்த்தல் வேண்டும் என்னும் மருத்துவ எச்சரிக்கையும் உண்டு. எனவே பழநூற் சான்றைக் காட்டுவோர், நூலாசிரியர் கருதிய பொருள் எம்முறையான் ஆயது என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும் என்பது நம் துணிபு.