ஒரே வேர், இரண்டு சட்டம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலைக்காடுகளில் வளரும் செடி பிளாக் கோஹோஷ். அதன் வேரை அங்குள்ள பூர்வகுடிகள் பெண்களின் உபாதைகளுக்குக் கொடுத்துவந்தார்கள். அந்த வேர்ச்சாற்றில் செய்த ‘ரெமிஃபெமின்’ 1956இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, பின்னாளில் அமெரிக்கக் கடைகளுக்கும் போனது. இரு நாட்டிலும் அதை வாங்குவது மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடம்பெல்லாம் திடீரெனச் சூடு பரவி, வியர்த்து, தூக்கம் கெட்டுத் தவிக்கும் பெண்கள்தான். ஆனால் ஜெர்மனியில் அது மருந்து; அமெரிக்காவில் சத்துமாத்திரைகளோடு சேர்ந்த துணையுணவு.

ஜெர்மன் அரசு மூலிகைகளை மதிப்பிட 1978இல் ‘கமிஷன் ஈ’ என்ற வல்லுநர் குழுவை அமைத்தது. இந்த வேரை 1989இல் அக்குழு ஏற்றபோது, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்று அளவும் வகுத்தது. வாங்கப் போகும் பெண் மருந்தாளுநரைத் தாண்டித்தான் அதைப் பெறுகிறாள். கல்லீரல் பாதிப்பு பற்றி ஐரோப்பிய மருந்து முகமை 2006இல் எச்சரித்தபோது, அதை அவளிடம் சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தார்.

அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, துணையுணவு பலன் தரும் என்று விற்பனைக்கு முன்பே அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. நோயைக் குணப்படுத்தும் என்று டப்பாவில் எழுதக் கூடாது. 2012இல் வெளியான மரபணுச் சோதனையில், பிளாக் கோஹோஷ் என்று விற்ற 36 தயாரிப்புகளில் 9இல் இருந்தவை அதன் ஆசிய உறவுச் செடிகள். காசு கொடுத்த பெண்ணுக்கு இது தெரிய வழியே இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இதே உபாதைகளுக்கு மருத்துவர்கள் தந்துவந்த ஹார்மோன் மாத்திரை பற்றி 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து உண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாக வந்ததே காரணம். பயந்து ஹார்மோனைக் கைவிட்ட பலர் மூலிகைப் பக்கம் திரும்பினார்கள்.

ஆனால் வேர் அவர்களுக்கு எவ்வளவு உதவியது? 2006இல் வெளியான, 351 பெண்கள் பங்கேற்ற ஓராண்டு அமெரிக்கச் சோதனையில் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலாக எதுவும் செய்யவில்லை. ஜெர்மன் தயாரிப்புகளை வைத்து நடந்த சில ஆய்வுகள் ஓரளவு பலன் காட்டின. 2012இல் 16 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் ஆய்வோ ஆதாரம் போதாது என்றது. ஆக, ‘மருந்து’ என்ற ஜெர்மன் முத்திரை பொருளின் தரத்துக்கும் அளவுக்கும் பொறுப்பேற்கிறது. பலன் பற்றி அது தரும் நம்பிக்கை ஆதாரத்தைவிடப் பெரிது. இருந்தும் ஜெர்மன் ஏற்பாட்டையே நான் மேலென்பேன்.

இதில் மிகவும் தனித்து விடப்படுபவள் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, நோய் திரும்பாமலிருக்கத் தமாக்ஸிஃபென் மருந்து உண்பவள். அந்த மருந்தே உடற்சூட்டைக் கிளப்பும்; ஹார்மோன் மாத்திரை அவளுக்கு ஆகாது. 2001இல் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 85 பெண்களிடம் இந்த வேரைச் சோதித்தபோது சூடு தணிவதில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. ஜெர்மன் மருந்துக்கடையில் அவள் தன் நோயைச் சொன்னால், முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்லி அனுப்புவார்கள். அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் பில் போடுபவர் விலையை மட்டும் சொல்வார்.